ட்வீட்டருக்கு முன்னால் ஒரு கோலிக்குண்டு

1980-களில் மேலைநாட்டு ஒலிப்பதிவுக் கூடங்களில் எடுத்த புகைப்படங்களில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு வீட்டை விற்றால்தான் வாங்க முடியும் என்கிற விலையில் ஒரு மிக்சிங் மேசை இருக்கும். அதன் விளிம்பில் வெள்ளைக் காகிதக் கூம்பு வைத்த இரண்டு கறுப்புப் பெட்டிகள். பெட்டிகளில் உச்ச ஒலியைப் பாடும் ட்வீட்டர் மேல், செலோ டேப்பால் ஒட்டிய டிஷ்யூ பேப்பர்.

அந்தப் பெட்டியின் பெயர் யமஹா என்எஸ்-10. 1978-ல் வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக வந்த ஸ்பீக்கர் அது. வீடுகளில் பெரிதாக எடுபடவில்லை. ஆனால் இதில் நன்றாகக் கேட்கும் பாட்டு எந்த ஓட்டை ரேடியோவிலும் நன்றாகக் கேட்கும் என்று ஒலிப்பதிவாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே குறை, அதன் உச்சஸ்தாயி காதைக் குத்தியது. அதை அடக்கத்தான் டிஷ்யூ. இந்த வைத்தியத்தைப் பரப்பியவர் என்று பாப் கிளியர்மவுண்டனின் பெயரைச் சொல்வார்கள். எந்த டிஷ்யூ நல்லது, ஓரடுக்கா ஈரடுக்கா, எவ்வளவு தள்ளி ஒட்டவேண்டும் என்றெல்லாம் பெரிய பெரிய பொறியாளர்கள் வாதாடினார்கள். 1986-ல் பாப் ஹோடாஸ் என்ற பொறியாளர் ஆளுக்கொன்று சொல்வதைவிட அளந்துவிடுவோம் என்று மைக்கை வைத்தார். டிஷ்யூ உச்ச ஒலியைக் குறைத்தது உண்மை. ஆனால் சீராகக் குறைக்கவில்லை. வரைகோடு சீப்புப் பற்கள்போல மேலும் கீழும் ஏறி இறங்கியது.

இதற்குக் காரணம் எளிது. மெல்லிய காகிதம் ஒலியின் ஒரு பகுதியை முன்னே விடுகிறது, ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பிய ஒலி ட்வீட்டரில் பட்டு மறுபடி முன்னே வருகிறது. காகிதம் 2 செ.மீ. தள்ளி இருந்தால், இந்த இரண்டாவது ஒலி 4 செ.மீ. அதிகம் நடந்து, பிந்தி வந்து சேரும். 4 செ.மீ. அலைநீளம் என்பது ஏறக்குறைய 8,600 ஹெர்ட்ஸ். அந்த இடைவெளியில் ஒரு மேடு, ஒரு பள்ளம், மறுபடி ஒரு மேடு என்று மாறி மாறி வரும். காகிதத்தை அரை செ.மீ. நகர்த்தினால் எல்லா மேடுபள்ளங்களும் இடம் மாறும். ஒவ்வொருவர் சிபாரிசும் ஒவ்வொரு மாதிரி இருந்ததில் வியப்பில்லை.

ட்வீட்டருக்கு முன்னால் எதையாவது வைத்து ஒலியைத் திருத்தப் பார்க்கும் எல்லா வீட்டுச் சோதனைகளுக்கும் இதுதான் அடிப்படைப் பாடம். ட்வீட்டர் பக்கத்தில் எதை வைத்தாலும் அது ஒரு குட்டி ஸ்பீக்கராகிவிடும், கொஞ்சம் தாமதமாகப் பாடும். அந்தத் தாமதம் நமக்குச் சாதகமா பாதகமா என்பதே கேள்வி.

முதலில், எதற்காக டிஃப்யூசர், அதாவது ஒலியைப் பரப்பும் பொருள், வைக்க வேண்டும் என்ற ஆசை வருகிறது? ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்தால் ஜால்ரா, சலங்கை, பாடகியின் 'ச' ஓசை எல்லாம் துல்லியம். சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்தால் போர்வை போர்த்தியதுபோல மங்கிவிடுகிறது. இது பெட்டியின் குறையல்ல, அலைகளின் குணம். ஒலி பிறக்கும் பரப்பைவிட அலைநீளம் பெரிதாக இருந்தால் ஒலி எல்லாத் திசையிலும் பரவும். அலைநீளம் சிறுத்துக்கொண்டே வந்தால் ஒலி டார்ச் வெளிச்சம்போல முன்பக்கம் குவியும். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்றரை மீட்டர். அதற்கு, கீழ்ஸ்தாயியைப் பாடும் எந்த வூஃபரும் ஒரு புள்ளிதான். 10,000 ஹெர்ட்ஸ் அலையோ மூன்றரை செ.மீ. கடைகளில் கிடைக்கும் சில்க் டோம் ட்வீட்டரின் விட்டம் பெரும்பாலும் 25 மி.மீ. அதன் சுற்றளவுக்குச் சமமான அலைநீளம் வருவது 4,400 ஹெர்ட்ஸ் அருகே. அங்கிருந்து மெல்லக் குவியத் தொடங்குகிறது. அந்த அளவுள்ள ஒரு தட்டையான தகட்டுக்குக் கணக்குப் போட்டால், நேர்கோட்டிலிருந்து 60 பாகை விலகிய இடத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய 5 டெசிபல் குறைகிறது; 15,000 ஹெர்ட்ஸ் 13 டெசிபல் அளவுக்கு விழுகிறது.

இந்தக் குவிதலைச் சமாளிக்க ட்வீட்டரையே சிறிதாக்கினார்கள். எட்கர் வில்ச்சர் 1958-ல் தன் ஏஆர்-3 பெட்டியில் குவிமாடம் வடிவ ட்வீட்டரை வைத்தார். இன்று உலகம் முழுக்க விற்கும் டோம் ட்வீட்டர்களுக்கு அதுவே மூதாதை. அதற்கும் முன்பே பெல் ஆய்வுக்கூடத்தில் வின்ஸ்டன் காக் வேறு வழி பிடித்திருந்தார். கண்ணாடி வில்லை ஒளியை விரிப்பதுபோல, ஒலிக்கும் ஒரு வில்லை. சாய்வான தகடுகளின் இடுக்குகள் வழியே ஒலியை நடக்கவிட்டால், ஒரு பகுதி நேராகவும் இன்னொரு பகுதி சுற்றிக்கொண்டும் வரும். அதனால் தட்டையாக வந்த அலைமுகம் வெளியேறும்போது வளைந்திருக்கும். ஜேபிஎல் நிறுவனம் 1950-களில் கொம்புக் குழாய் ஸ்பீக்கர்களின் வாயில் இந்த வில்லைகளைப் பொருத்தித் திரையரங்குகளுக்கும் வசதியான வீடுகளுக்கும் விற்றது. பார்க்க மிக அழகான பொருள். ஆனால் கொம்புக் குழாயின் வடிவத்தையே சரியாகச் செய்யக் கற்றுக்கொண்ட பிறகு வில்லைக்கு வேலை குறைந்துபோனது.

சரி, வீட்டில் தகடு வளைக்க வசதியில்லாதவர் என்ன செய்வார்? ஒரு கோலிக்குண்டைத் தேடுவார்.

ட்வீட்டருக்கு ஒரு செ.மீ. முன்னால், இரண்டு மெல்லிய கம்பிகளில் ஒரு கோலிக்குண்டைப் பிடித்து நிறுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நேரே வரும் கூர்மையான ஒலியைக் குண்டு தடுத்துப் பக்கவாட்டில் தள்ளும் என்பது எதிர்பார்ப்பு. கோலியின் விட்டம் ஒன்றரை செ.மீ. அளவு. சுற்றளவு ஐந்து செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆகவே 7,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிக்கு அங்கே ஒரு குண்டு இருப்பதே பெரிதாகத் தெரியாது. அலை அதைச் சுற்றி வளைந்து போய்விடும். அதற்கு மேலேதான் குண்டின் ஆட்டம்.

அந்த ஆட்டத்தில் ஒரு திருப்பம் இருக்கிறது. 1818-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஒளி அலையா துகளா என்ற போட்டி நடந்தது. ஃபிரெனெல் என்ற இளைஞர் அலை என்று கணக்குடன் வந்தார். நடுவர்களில் ஒருவரான பாய்சான் அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு, "இது சரியென்றால் வட்டமான தட்டின் நிழலின் நட்டநடுவே ஒரு வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும், இது அபத்தமல்லவா" என்ற பொருளில் மடக்கினார். இன்னொரு நடுவரான அராகோ செய்தே பார்த்துவிட்டார். வெளிச்சப் புள்ளி அங்கே இருந்தது! தட்டின் விளிம்பு முழுவதிலிருந்தும் வளைந்து வரும் அலைகள் நடு அச்சுக்கு ஒரே தூரம் நடந்து, ஒன்றாகச் சேர்ந்து வலுக்கின்றன.

ஒலிக்கும் இதே கதிதான். வட்டமான ட்வீட்டர், வட்டமான குண்டு, இரண்டும் ஒரே நேர்கோட்டில். எந்த இடத்தில் ஒலியைக் குறைக்க நினைத்தோமோ அந்த நேர்கோட்டில், சில அதிர்வெண்களில் ஒலி குறையாமலே நிற்கும், ஓரிடத்தில் கூடவும் செய்யும். ஐந்து பாகை நகர்ந்தால் காணாமல் போகும். அதனால்தான் இந்தச் சோதனைகளில் கைதேர்ந்தவர்கள் வட்டத்தை விட்டு விலகுகிறார்கள். குண்டைச் சற்றே நடுவிலிருந்து தள்ளி வைப்பார்கள், அல்லது குறுக்கே ஒரு மெல்லிய பட்டையை வைப்பார்கள், அல்லது ஓரங்களைப் பல் பல்லாக வெட்டுவார்கள். எல்லாம் ஒரே நோக்கத்துக்கு: விளிம்பிலிருந்து வரும் அலைகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடிவிடக் கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கோலிக்குப் பதில் சைக்கிள் பேரிங்கில் வரும் இரும்புக் குண்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ட்வீட்டருக்குள் இருப்பது வலுவான காந்தம். குண்டு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் டோமின் மேல் உட்காரும். சில்க் டோம் ஒருமுறை குழிந்தால் பழைய உருவத்துக்கு வருவது அதிர்ஷ்டம். திருப்புளியையும் தள்ளியே வையுங்கள். சில கம்பெனி ட்வீட்டர்களில் டோமுக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டோ குறுக்குப் பட்டையோ இருக்கும். குழந்தைகள் விரல் படாமலிருக்க வைத்தது என்று நினைத்து அதைக் கழற்றுபவர்கள் உண்டு. பல மாடல்களில் அது அந்த டோமுக்கென்று அளந்து வைத்த டிஃப்யூசர். டோமின் நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் வரும் ஒலிகள் ஒன்றையொன்று அழிக்காமல் பார்த்துக்கொள்கிறது. கழற்றினால் உச்சஸ்தாயி கெடும்.

ட்வீட்டரை வானம் பார்க்க வைத்து, மேலே ஒரு கூம்பையோ குண்டையோ தொங்கவிட்டு நாலாபுறமும் ஒலியைத் தெளிப்பது இன்னொரு வகை. ஜெர்மனியின் டூவெல் நிறுவனத்தின் 'பிளானட்ஸ்' பெட்டியில் உலோகக் குண்டுகள் இப்படித்தான் நிற்கின்றன. டென்மார்க்கின் பேங் அண்ட் ஒலுஃப்சன் 2003-ல் கொண்டுவந்த பியோலேப் 5 இன்னும் சாமர்த்தியமானது. மேலே பார்த்திருக்கும் ட்வீட்டரின் ஒலியை, நீள்வட்டக் கணக்கில் வளைத்த ஒரு பரப்பு வாங்கி, முன்பக்கம் மட்டும் அரைவட்டமாக விரிக்கிறது. பின்சுவருக்கு வீணாகப் போவதில்லை, கூரைக்கும் தரைக்கும் அதிகம் போவதில்லை. கலிபோர்னியாவின் சாசலிட்டோ ஆடியோ ஒர்க்ஸ் உருவாக்கிய உத்தி இது. வீட்டில் மரக்கடைசல்காரரிடம் ஒரு கூம்பு கடைந்து வாங்கி முயல்பவர்களுக்கு இந்தத் துல்லியம் கிடைக்காது. ஆனாலும் முதல் நாள் கேட்கும்போது அறையே இசையால் நிரம்பியதுபோல இருக்கும். சந்தேகமில்லாமல் சுவையான அனுபவம். கம்பளம் விரித்த, திரைச்சீலை தொங்கும் ஐரோப்பிய அறையில் அது நீடிக்கவும் கூடும். டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், இரும்பு பீரோ என்று இருக்கும் நம் கூடங்களில் உச்ச ஒலியை நாலாபுறமும் தெளித்தால், ஒரு வாரத்தில் கூச்சல் என்று தோன்ற ஆரம்பிக்கும். பாடகர் எங்கே நிற்கிறார் என்ற இட உணர்வும் கரைந்துபோகும்.

சுவரில் மாட்டும் டிஃப்யூசரை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எண் கணிதத்தின் இருபடி எச்சங்களை வைத்து மான்ஃபிரெட் ஷ்ரோடர் 1970-களில் வகுத்த, ஆழம் மாறி மாறி வரும் மரப்பள்ளங்கள் அவை. கச்சேரி மண்டபத்தின் சுவருக்கானவை. அதன் குட்டி வடிவத்தைச் செய்து ட்வீட்டரைச் சுற்றி ஒட்டுவதில் அழகைத் தவிரப் பெரிய பயன் இல்லை.

இனி பயன் உள்ள விஷயத்துக்கு வருவோம். ட்வீட்டருக்கு முன்னால் வைப்பதைவிடச் சுற்றி வைப்பதில்தான் வீட்டுச் சோதனைக்காரருக்கு உண்மையான லாபம்.

ட்வீட்டரின் ஒலி நேராக நம் காதுக்கு வருவதோடு, பெட்டியின் முன்பலகை மேல் படர்ந்து ஓரத்துக்கும் போகிறது. பலகை சட்டென்று முடியும் அந்த விளிம்பில் அலை வளைந்து, விளிம்பே ஒலிமூலமாகிறது. டிஷ்யூ கதைதான் மறுபடி. ட்வீட்டரிலிருந்து ஓரம் 10 செ.மீ. என்றால், அந்த இரண்டாவது ஒலி 0.3 மில்லிசெகண்ட் தாமதமாக, கட்டம் தலைகீழாகி வருகிறது. 1,700 ஹெர்ட்ஸ் அருகே கூட்டி, 3,400 ஹெர்ட்ஸ் அருகே கழிக்கிறது. ட்வீட்டர் பலகையின் நடுவில் இருந்து எல்லா ஓரமும் சம தூரத்தில் அமைந்துவிட்டால் எல்லாத் தவறும் ஒரே இடத்தில் சேரும். ஆர்சிஏ ஆய்வுக்கூடத்தின் ஹாரி ஓல்சன் 1950-களின் தொடக்கத்தில் ஒரே ஸ்பீக்கரைப் பன்னிரண்டு வடிவப் பெட்டிகளில் மாற்றி மாற்றி வைத்து அளந்து காட்டினார். கோளம் மிகச் சீராக ஒலித்தது. நடுவில் ஸ்பீக்கர் வைத்த கனசதுரத்தின் வரைகோடு மோசமாக ஏறி இறங்கியது. அந்தத் தேர்வு முடிவு வெளிவந்து எத்தனையோ காலமாகியும் கடையில் விற்பது கூர் மூலைப் பெட்டிதான். தச்சருக்கு அதுவே எளிது.

1970-களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்கு எல்எஸ்3/5ஏ என்ற சின்னப் பெட்டியை வடிவமைத்தது. அதில் முன்பலகை சற்று உள்வாங்கியிருக்கும். பெட்டியின் ஓரம் சுற்றிலும் வரப்புபோல எழுந்து நிற்கும். ட்வீட்டரின் ஒலி அந்த வரப்பில் மோதித் திரும்பும். அதற்குப் பிபிசி பொறியாளர்கள் செய்த பரிகாரம், ட்வீட்டரைச் சுற்றித் தடிமனான ஃபெல்ட் பட்டைகள். ஓரத்துக்குப் போகும் ஒலி வழியிலேயே கம்பளிக்குள் தேய்ந்து வெப்பமாகிவிடும். ஒளிவுமறைவு இல்லாத உத்தி. பெட்டியின் முன் துணியைக் கழற்றினால் யாரும் பார்க்கலாம்.

இதை அப்படியே நாமும் செய்யலாம். மெருகுச் சக்கரங்களுக்கும் இயந்திரங்களுக்கு அடியில் வைக்கவும் விற்கிற கம்பளி ஃபெல்ட், 6 முதல் 10 மி.மீ. தடிமனில் வேண்டும். கைவினைக் கடையில் கிடைக்கும் வண்ண வண்ண பாலியெஸ்டர் ஃபெல்ட் மிக மெல்லியது, உதவாது. ட்வீட்டரின் முகத்தட்டை விடச் சற்றுப் பெரிய சதுரத்தில் வெட்டி, நடுவில் ஓட்டை போட வேண்டும். அந்த ஓட்டையை வட்டமாகப் போடாமல் நட்சத்திரமாக வெட்டுங்கள். காரணம் அராகோவுக்குத் தெரியும். கத்தரிக்கோல் கம்பளியைப் பிய்த்துவிடும். புது பிளேடு போட்ட கட்டரால் இரும்பு ஸ்கேலை வைத்து அழுத்தமில்லாமல் பலமுறை இழுத்தால் ஓரம் சுத்தமாக வரும். டோமைச் சுற்றி அரை செ.மீ.யாவது விட்டு வெட்ட வேண்டும். ஃபெல்ட் இரண்டு மூன்று ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏதும் செய்யாது. அங்கே அலை பெரிது, கம்பளி மெல்லியது. அந்த எல்லைக்கு மேலே அது செய்யும் வேலை, குரலிலும் வயலினிலும் ஒரு பதற்றம் தணிந்ததுபோலக் கேட்கும்.

பரப்புவது நல்லது என்று தொடங்கிய நாம் இப்போது ஒலியை விழுங்கும் பொருளில் வந்து நிற்கிறோம். இதில் முரண் இல்லை. ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் கிராஸ்ஓவர் என்ன செய்கிறது என்று பார்த்தால் புரியும். ஆறரை அங்குல வூஃபரின் அசையும் பரப்பின் விட்டம் ஏறக்குறைய 13 செ.மீ. அது 3,000 ஹெர்ட்ஸ் வரை பாடுகிறது, அங்கிருந்து ட்வீட்டர் வாங்கிக்கொள்கிறது என்று கொள்வோம். 60 பாகை ஓரத்தில் 3,000 ஹெர்ட்ஸை வூஃபர் பாடினால், தட்டையான பரப்பின் கணக்குப்படி 14 டெசிபல் குறைவு. அதே ஸ்வரத்தை ட்வீட்டர் பாடினால் அரை டெசிபல்கூடக் குறைவதில்லை. உண்மையான காகிதக் கூம்பு இவ்வளவு மோசமில்லை என்றாலும் திசை அதுதான். ஒலி குறுகிக்கொண்டே வந்து, ட்வீட்டர் கைக்கு மாறியதும் திடீரென்று அகலமாகிறது. பக்கச் சுவர்களுக்கு 3,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையான ஒலி அளவுக்கு மீறிப் போய், மோதி, நம் காதுக்கே திரும்புகிறது. காது மிகக் கூர்மையாக இருப்பதும் அதே வட்டாரத்தில்தான். 'ட்வீட்டர் குத்துகிறது, பரப்ப வேண்டும்' என்று புகார் செய்பவர்களில் பலருக்கு உண்மையில் தேவை, ட்வீட்டரின் கீழ்ப் பகுதியைக் கொஞ்சம் குறுக்குவது. ஆழமில்லாத புனல் போன்ற அலைவழி ட்வீட்டர்களுக்கு இன்று இருக்கும் மவுசு இதனால்தான்.

கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல் 1980-களில் செய்த சோதனைகளும் இதையே சொன்னன. எது எந்தப் பெட்டி என்று தெரியாமல் திரைக்கு இந்தப் பக்கம் அமர்ந்து கேட்டவர்கள், பெரும்பாலும் நேராகவும் பக்கவாட்டிலும் சீராக ஒலிக்கும் பெட்டிக்கே அதிக மதிப்பெண் கொடுத்தார்கள். அகலம் எவ்வளவு என்பதைவிட, அகலம் சட்டென்று மாறாமல் இருக்கிறதா என்பதே முக்கியம். என் கணிப்பில், வீட்டில் செய்யும் டிஃப்யூசர்களில் பெரும்பாலானவை தோற்பது இதை மறப்பதால்தான்.

செய்து பார்ப்பவர் அளந்தும் பார்க்க வேண்டும். காதை மட்டும் நம்பினால், மாற்றம் என்பதே முன்னேற்றம் என்று தோன்றும். அதுவும் அரைநாள் உட்கார்ந்து நாமே வெட்டி ஒட்டியதென்றால் கேட்கவே வேண்டாம். ஒரு யுஎஸ்பி அளவீட்டு மைக், கணினியில் இலவசமாகக் கிடைக்கும் 'ரூம் ஈக்யூ விசார்ட்' மென்பொருள், இரண்டும் போதும். பெட்டியை ஒரு மீட்டர் உயரத்தில் ஸ்டூல் மேல் வைத்து, ஒரு மீட்டர் தள்ளி அதே உயரத்தில் மைக்கை நிறுத்துங்கள். சுவர்கள் இன்னும் தள்ளி இருக்கட்டும். தரையில் பட்டு வரும் ஒலி 3.6 மில்லிசெகண்ட் பிந்தித்தான் மைக்குக்கு வரும். அதற்கு முன் வந்ததை மட்டும் வெட்டி எடுக்க மென்பொருளில் வழி உண்டு. அறையின் குறுக்கீடு இல்லாத ட்வீட்டர் கிடைத்துவிடும். நேரே ஒன்று, 30 பாகையில் ஒன்று, 60 பாகையில் ஒன்று என்று மூன்று கோடுகள் எடுங்கள். சத்தத்தைக் குறைவாக வையுங்கள். பெட்டியின் பின்னால் எத்தனை வாட்ஸ் என்று போட்டிருந்தாலும் ட்வீட்டர் தனியே தாங்குவது அதில் மிகச் சிறிய பங்குதான். கோடுகள் மூன்றும் ஒன்றோடொன்று உறவாக, மெல்லச் சரிந்து போனால் நல்லது. ஒன்றில் இல்லாத மேடு இன்னொன்றில் முளைத்தால் நீங்கள் வைத்த பொருளின் வேலை அது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் ஒருவரை ஃபெல்ட்டை வைக்கவும் எடுக்கவும் சொல்லிக் கேளுங்கள். எப்போது இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியவில்லை என்றால் அந்த ஃபெல்ட்டால் பயனில்லை.

இதற்கெல்லாம் முன்னால் காசில்லாத ஒரு சோதனை இருக்கிறது. பெட்டியைப் பத்துப் பதினைந்து பாகை திருப்பிப் பாருங்கள், ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். குத்துகிறது, மங்குகிறது என்ற புகார்களில் நிறைய அங்கேயே தீர்ந்துபோகும். தீராதவர்கள் ஃபெல்ட் வாங்கலாம். ஒட்டும்போது பசை வேண்டாம், இரட்டைப் பக்க டேப் போதும். எப்படியும் நாலைந்து முறை கழற்றி ஒட்ட வேண்டி வரும்.